பழுதில்லாத விளக்கு

இந்த ஊர் நூலகத்தில் டிரில்லிங் மெஷின் ஓடும். முதல் முறை கேட்டபோது கட்டடத்தில் ஏதோ மராமத்து நடக்கிறது என்று நினைத்து, புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வேறு மூலைக்குப் போனேன். அங்கே ஒரு அம்மாள் நிதானமாக நாற்காலிக் காலுக்கு உப்புத்தாள் போட்டுக்கொண்டிருந்தார். பின்லாந்தில் நூலகம் என்றால் ஒரு மாடி முழுக்கத் தையல் மெஷின், மரம் அறுக்கிற மேசை, முப்பரிமாண பிரின்டர், ஒரு சுவர் நிறைய ஸ்பேனர் எல்லாம் இருக்கலாம். கையில் நூலக அட்டை இருந்தால் போதும், யார் வேண்டுமானாலும் எதையும் செய்துகொள்ளலாம். மயிலாப்பூரில் நான் புத்தகம் எடுத்த நூலகத்தில் நாற்காலியை இழுத்தாலே நாலு பேர் நிமிர்ந்து முறைப்பார்கள். தம்பெரே என்கிற இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் ஆகிறது. டிரில்லிங் சத்தத்துக்கு நடுவே கவிதை படிக்கிறவர்களைப் பார்க்கக்கூடப் பழகிவிட்டது. ஆனால் இப்போதெல்லாம் அந்த மாடிக்கு ஏற மனசு வருவதில்லை.

மாதத்தில் ஒரு சனிக்கிழமை அங்கே ரிப்பேர் நாள். டோஸ்டர், ரேடியோ, ஜிப் பிய்ந்த கோட்டு என்று ஆளுக்கொன்றைக் கட்டிக்கொண்டு வந்து வரிசையில் நிற்பார்கள். வரிசை என்றால் ஒருவருக்கும் அடுத்தவருக்கும் நடுவே ஒரு ஸ்கூட்டரை நிறுத்தலாம், அத்தனை இடைவெளி. யாரும் யாரோடும் பேசமாட்டார்கள். போன சனிக்கிழமை நானும் ஒரு மேசை விளக்கோடு நின்றேன். பிர்ச் மரப்பலகையில் அடிப்பாகம், காகிதத்தில் கூண்டு, இதே மாடியில் நானே செய்தது. அதன் சுவிட்ச் இந்த நாட்டில் இல்லை. சென்னை அபிராமபுரத்தில், படுத்த படுக்கையாக இருக்கும் என் அப்பாவின் வலது கைக்குக் கீழே இருக்கிறது. அங்கே அமுத்தினால் இங்கே எரியும். நான்கு நாளாக அது எரியவில்லை. யாராக இருந்தாலும் உடனே அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டிருப்பார்கள். நான் போடவில்லை. விளக்கு கெட்டுப்போயிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டு வரிசையில் நின்றேன். நான் படித்தது எலக்ட்ரானிக்ஸ்தான், வீட்டிலேயே ஐந்து நிமிஷத்தில் பிரித்துப் பார்த்திருக்கலாம். பிரித்துப் பார்க்கிற தைரியம் எனக்குப் போய்விட்டது. அந்தக் கதையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சென்னையில் நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு இடம் ஆரம்பித்தோம். அடையாறில் ஒரு நண்பரின் வீட்டு மொட்டை மாடியில் தகரக் கொட்டகை, இரண்டு மேசை, ஒரு சால்டரிங் அயர்ன். பெயர் வைக்கத் தெரியாமல் 'மாடி' என்றே சொல்லிக்கொண்டிருந்தோம், அதுவே நிலைத்துவிட்டது. நாங்கள் எல்லோருமே தரமணிப் பக்கம் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர்கள். வாரம் முழுக்கத் திரையைப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைப் பிடித்தால் ஏதோ புதுப் பிறவி எடுத்த மாதிரி இருக்கும். ஆறு மாதத்தில் நான்கு பேர் நாற்பது ஆனார்கள். பல் டாக்டர் வந்தார், வீணை வாசிக்கிற மாமி வந்தார், கல்லூரிப் பிள்ளைகள் கும்பலாக வந்தார்கள். ஈக்காட்டுத்தாங்கல் லேத் பட்டறையிலிருந்து நாங்கள் ஆர்டர் கொடுத்த ஒரு உருளையைக் கொடுக்க வந்த லோகநாதன் என்கிற லோகு, வெயிலுக்கு ஒதுங்கி நின்று எங்களைக் கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்தார்.

"இன்னாக்கா, நாயித்துக்கெயம கூட வேல செய்றீங்க, எவன் கூலி தரான்?" என்றார்.

யாரும் தருவதில்லை, சும்மா ஆசைக்குச் செய்கிறோம் என்றேன். நம்பாமல் சிரித்தார். அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும். அவருக்கு ஆறு நாள் பிழைப்பாக இருந்தது எங்களுக்கு ஏழாம் நாள் பொழுதுபோக்கு, அது அவருக்கும் தெரியும் எங்களுக்கும் தெரியும். ஆனாலும் வந்தார். எங்களில் உருப்படியாக ஒன்றைச் செய்து முடிக்கத் தெரிந்தவர் அவர் ஒருவர்தான். மற்றவர்கள் எதையும் முடிக்கமாட்டோம். ஒன்று ஓட ஆரம்பித்ததும் அதைக் கழற்றி, அந்தப் பாகங்களைப் போட்டு அடுத்ததை ஆரம்பிப்போம். முதல் வெர்ஷன் ஓடியதா, சரி, இரண்டாவது வெர்ஷன். அதில் ஒரு கர்வமும் இருந்தது. ஓடுகிற சாமானை அலமாரியில் வைத்துப் பூஜை செய்ய நாங்கள் என்ன கடையா வைத்திருக்கிறோம் என்போம். ஒரு நாள் கொட்டகைச் சுவரில் மார்க்கர் பேனாவால் நான்தான் பெரிதாக எழுதினேன்: 'வேலை செய்யுதா? அப்போ பிரி.' எல்லோரும் கைதட்டினார்கள். லோகு மட்டும் அதை இரண்டு முறை படித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

வேலை கிடைத்து நான் இங்கே வந்த ஐந்தாவது மாதம் அப்பாவுக்கு மோட்டார் நியூரான் நோய் என்று சொன்னார்கள். தசைகள் ஒவ்வொன்றாக நின்றுபோகும், மருந்து கிடையாது. அப்பா தி.நகர் பஸ் ஸ்டாண்டில் டைம் கீப்பராக இருந்தவர். முப்பது வருஷம் டிரைவர்களோடும் கண்டக்டர்களோடும் கத்தியே பழகிய தொண்டை. வீட்டிலும் அப்படித்தான். பதினோரு மணிக் காபி பதினொன்று ஐந்துக்கு வந்தால் தெருவுக்கே தெரியும். அந்தத் தொண்டைதான் முதலில் போனது. பிறகு கால், இடது கை, கழுத்து. ஒன்றரை வருஷத்தில் மிச்சமிருந்தது கண்ணும் வலது கைக் கட்டைவிரலும். அம்மா எதிரே நின்று கேட்டால் கண் சிமிட்டிப் பதில் சொல்லுவார். அம்மா சமையலறையில் இருந்தால் கூப்பிட வழியில்லை. ஒரு நாள் தலையணை சரிந்து முகத்தில் விழுந்து, அம்மா வந்து பார்க்கும்வரை அப்படியே கிடந்திருக்கிறார். அதைக் கேட்ட அன்று லோகுவுக்குப் போன் செய்தேன்.

அவர் மூன்று நாளில் ஒரு மணி செய்து கொண்டுபோய்க் கொடுத்தார். செத்துப்போன கம்ப்யூட்டர் மவுசிலிருந்து எடுத்த குட்டி சுவிட்ச், அதன்மேல் சைக்கிள் போக்ஸ் கம்பியில் ஒரு நெம்புகோல், கை வைக்க மரத்தில் ஒரு மேடை. அப்பாவின் கட்டைவிரலை மெழுகில் பதித்து எடுத்துப்போய், அதற்குச் சரியாகப் பள்ளம் கடைந்திருந்தார். ஈ உட்கார்ந்தால்கூட அமுங்கும் என்று அம்மா சொன்னாள். அமுத்தினால் சமையலறையில் குருவி கத்தும், வாசல் காலிங் பெல்லில் வருமே, அதே குருவி. ஒரு தரம் என்றால் வா, இரண்டு தரம் என்றால் ஃபேன், மூன்று என்றால் காபி. ஒரு வாரத்தில் அப்பா பழையபடி ஆகிவிட்டார். பதினொன்று அடித்து ஒரு நிமிஷம் ஆனால் குருவி விடாமல் கத்தும். டிவியில் விளம்பரம் வந்தால் கத்தும். பிடிக்காத சொந்தக்காரர் வந்து உட்கார்ந்தால், அவர் எழுந்து போகும்வரை கத்தும். "உங்கப்பா வாய் திரும்பி வந்துடுச்சும்மா, கஷ்ட காலம்" என்று அம்மா போனில் சிரித்தாள். அவள் சிரித்து நான் கேட்டு அப்போது வெகுநாள் ஆகியிருந்தது.

எனக்கும் அதில் பங்கு வேண்டியிருந்தது. லோகுவிடம் சொல்லி மணியோடு ஒரு வைஃபை பெட்டி சேர்க்கச் சொன்னேன், இங்கே நூலக மாடியில் இந்த விளக்கைச் செய்தேன். கோடையில் சென்னைக்கும் இந்த ஊருக்கும் இரண்டரை மணி வித்தியாசம். காலை எட்டரைக்கு விளக்கு மூன்று தரம் எரிந்து அணையும். அப்பாவுக்குக் காபி வேண்டும். நானும் எழுந்துபோய்க் காபி போட்டுக்கொள்வேன். ஒரு மாதம் மனசு நிறைந்திருந்தது. பிறகு அரிக்க ஆரம்பித்தது. விளக்கு எரிகிறது, ஆனால் கூப்பிடுவது என்னை இல்லை. வீடியோ காலில் அப்பா என்னைப் பார்த்துக்கொண்டே இருப்பார், ஒரு வார்த்தை வராது. ஃபேன், காபி, தலையணை எல்லாம் அம்மாவுக்கானவை, பக்கத்தில் இருப்பவர்களுக்கானவை. தூரத்தில் இருப்பவளுக்கு வார்த்தை வேண்டும். அந்த ஒரு விரலால் அவர் எழுத்து எழுத்தாக எழுத முடியும் என்று எனக்குத் தெரியும். திரையில் அ, ஆ என்று வரிசையாக ஓடவிட்டால், வேண்டிய எழுத்து வரும்போது அமுத்தினால் போதும். என் பெயரை எழுதுவார். போய்விட்டாயே என்று திட்டி எழுதினாலும் பரவாயில்லை என்று நினைத்தேன்.

அடையாறு மாடியில் சொன்னதும் பற்றிக்கொண்டது. அதற்குள் மாடி பெரிய இடம் ஆகியிருந்தது. தரமணியில் பொம்மலாட்டம் முதல் ரோபோ வரை வைத்து ஒரு கண்காட்சி நடத்தப்போகிறார்கள், ஒற்றை விரல் தமிழ் எழுத்துப் பலகைதான் நடுவில் நிற்கும் என்றார்கள். மென்பொருளை நான் இங்கிருந்து எழுதினேன். சுவிட்சின் அழுத்தத்துக்கு ஏற்ப அதைச் சரிசெய்ய மணி கையில் வேண்டும், பதினைந்து நாள் கொடுங்கள் என்றேன். அம்மா தயங்கினாள். "இருக்கிறது நல்லாத்தானே இருக்கு" என்றாள். லோகுவும் ஒத்துக்கொள்ளவில்லை.

"ஓடிக்கினு கீற வண்டிய இன்னாத்துக்குக்கா பிரிக்கணும்? பத்து நாளு டைம் குடு. பட்டறைல வேல முடிச்சிட்டு இன்னொண்ணு கடஞ்சி தரேன்."

பத்து நாள் இல்லை, கண்காட்சிக்குத் தேதி கொடுத்தாகிவிட்டது என்றேன். சுவரில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்தீர்களா லோகு என்று கேலி வேறு செய்தேன். மறுநாள் அவர் போய் அப்பாவின் கைக்குக் கீழிருந்து மணியை எடுத்துவந்தார்.

பதினைந்து நாள் முப்பத்தேழு நாள் ஆனது. முதலில் திரை ஒத்துவரவில்லை, பிறகு கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தன, பிறகு கண்காட்சி முடியட்டும் என்றார்கள். கண்காட்சி வீடியோவை எனக்கு அனுப்பினார்கள். யாரோ ஒரு பெண் லோகு கடைந்த பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்து 'வணக்கம்' என்று எழுதுகிறாள். சுற்றிலும் கைதட்டல். நான் அதை ஆபீசில் நாலு பேரிடம் காட்டினேன். பெருமையாக இருந்தது, மறைப்பானேன்.

திரும்பக் கொண்டுபோய் வைத்த அன்று வீடியோ காலில் நானும் இருந்தேன். விரலைப் பள்ளத்தில் வைத்தார்கள். திரையில் எழுத்துகள் ஓட ஆரம்பித்தன. அ வரிசை போனது, க வரிசை போனது, கடைசி வரிசை போய் மறுபடி அ வந்தது. வேகத்தைக் குறைக்கச் சொன்னேன். அப்பா என்னையே பார்த்தார். எழுத்துகள் நாலாவது தடவை சுற்றியபோது அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சொன்னாள்.

"போன செவ்வாய்க்கிழமையிலேர்ந்தே அசையலம்மா. சொன்னா நீ தாங்கமாட்டேன்னு சொல்லல."

அதற்கு முன்பு, என்றேன்.

"அதுக்கு முன்னாடி நல்லாத்தான் இருந்துது. விரல் போர்வையில அமுத்திக்கிட்டே இருக்கும். மூணு தரம் அமுத்துவார், நிறுத்துவார், மூணு தரம் அமுத்துவார். நான் எப்பவாவது உள்ள வந்தா பார்ப்பேன்."

ஒரு மாதத்துக்கு மேல் அப்பா வெறும் போர்வையை அமுத்தியிருக்கிறார். விரல் எப்படியும் நின்றுதான் போயிருக்கும் என்று டாக்டர் சொல்கிறார். நோய் அதன் வேலையைத்தான் செய்தது. எனக்கு அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த விரலுக்குக் கடைசியாக இருந்த நாட்களை நான்தான் எடுத்துக்கொண்டேன். அவர் கூப்பிட்டுக்கொண்டிருந்தார், குருவியை நாங்கள் தரமணியில் மேசைமேல் வைத்துக் கைதட்டிக்கொண்டிருந்தோம். இதை எந்த நாட்டில் இருந்து எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சரியாக வரவில்லை.

அடுத்த மாதம் லீவு கிடைத்து ஊருக்குப் போனேன். அடையாறு மாடியில் இருந்து இரண்டு பேர் ஒரு கேமராவோடு வீட்டுக்கு வந்தார்கள். கண் அசைவை வைத்தே எழுதலாம், விரல் தேவையில்லை, இதுதான் சரியான வெர்ஷன் என்றார்கள். நல்ல பிள்ளைகள், நிஜமான அக்கறையோடுதான் வந்தார்கள். கேமராவை அப்பாவின் முகத்துக்கு நேராக நிறுத்தியதும் அவர் கண்களை மூடிக்கொண்டார். தூக்கமா என்று காத்திருந்தோம். எடுத்ததும் திறந்தார். மறுபடி வைத்ததும் மூடிக்கொண்டார். உலகத்தில் அவரால் செய்ய முடிந்தது அது ஒன்றுதான், அதைச் செய்தார். நான் குனிந்து, "ஒரே ஒரு வார்த்தைப்பா" என்றேன். மூடியபடியே இருந்தார். அம்மா கேமராவைத் தள்ளிவைத்தாள். "விடும்மா. அவர் வேணாங்கிறார்" என்றாள்.

கிளம்புவதற்கு முன்னால் அடையாறு போனேன். தகரக் கொட்டகை இல்லை. இரண்டு தளம், கண்ணாடி, ஏசி, பள்ளிக்கூடப் பிள்ளைகளைச் சுற்றிக்காட்ட ஒரு ஆள். வளர்ச்சிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. அந்தப் பிள்ளைகளின் கையில் ஸ்க்ரூ டிரைவரைப் பார்க்க எனக்கும் ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பழைய சுவரில் நான் எழுதியதை மட்டும் அப்படியே விட்டு, மேலே கண்ணாடிச் சட்டம் போட்டிருந்தார்கள். அதை அழித்துவிடலாமே என்றேன். தன்னடக்கம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அதே வாசகம் அச்சடித்த டி-ஷர்ட் ஒன்றைக் கையில் கொடுத்து, பின்லாந்தில் போட்டுக்கொள்ளுங்கள் மேடம் என்றார்கள். லோகு அங்கே வருவதை நிறுத்திவிட்டாராம். மணியைத் திரும்பப் பழையபடி கட்டி, வைஃபை பெட்டியும் பொருத்தி, அப்பாவின் கைக்குக் கீழே வைத்துவிட்டு வந்தவர்தான், பிறகு வரவில்லை. போன் செய்தேன். "வேல ஜாஸ்தி கீதுக்கா" என்றார். பட்டறைச் சத்தம் பின்னால் கேட்டது. ஒரு வார்த்தை குத்திக் காட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

திரும்பி வந்த பிறகும் விளக்கு தினமும் ஒரு தரம் எரிந்தது. காலை ஏழரை ஏழே முக்காலுக்கு. அம்மா அப்பாவின் கையைத் தூக்கித் துடைத்துத் திரும்ப வைக்கும்போது விரல் நெம்புகோலில் படும், அவ்வளவுதான். எனக்கு அது தெரியும். தெரிந்தும் அந்த நேரத்துக்கு மேசைக்கு எதிரே போய் உட்கார்ந்துகொள்வேன். அந்த ஒரு மினுக்கலுக்காக ஆபீசுக்குத் தாமதமாகப் போன நாட்கள் உண்டு. எட்டு மாதம் அப்படிப் போயிற்று. என் நாளின் முதல் செய்தி அது. பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை எரியவில்லை. புதன் எரியவில்லை. சனிக்கிழமை நூலக வரிசையில் நின்றேன்.

ரிப்பேர் மேசையில் யூக்கா என்கிற பெரியவர் இருந்தார். காகித மில்லில் எலக்ட்ரீஷியனாக இருந்து ஓய்வு பெற்றவர். "மிஸ்ஸா விக்கா?" என்றார், பழுது எங்கே என்று அர்த்தம். எரியவில்லை என்றேன். அடிப்பலகையைக் கழற்றினார், மீட்டர் வைத்தார், உள்ளே இருந்த சோதனைப் பொத்தானை அமுத்தினார். விளக்கு எரிந்தது. மறுபடி அமுத்தினார், எரிந்தது. என் போனை வாங்கி இணைப்பையும் பார்த்தார். "தொய்மீ" என்றார். வேலை செய்கிறது. இல்லை, எரிவதில்லை, நன்றாகப் பாருங்கள் என்றேன். என் பின்னிஷ் தப்பு என்று நினைத்து மெதுவாக, குழந்தைக்குச் சொல்வது போல மறுபடி சொன்னார். பிறகு சுவிட்ச் எங்கே என்று கேட்டார். இந்தியாவில் என்றேன்.

"அப்போ பழுது அங்கேதான். அடுத்த ரிப்பேர் நாளுக்கு அதையும் கொண்டு வா" என்றார்.

அங்கே ஒரு படிவம் உண்டு. சரிசெய்யப்பட்டது, சரிசெய்ய முடியாதது என்று இரண்டு கட்டம். யூக்கா பேனாவை இரண்டுக்கும் மேலே மாறி மாறிக் கொண்டுபோனார். கடைசியில் எதிலும் குறிக்காமல் என்னிடமே கொடுத்துவிட்டு, ஒரு இனிப்பு பன்னையும் எடுத்துக்கொள்ளச் சொன்னார். விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு படிக்கட்டில் உட்கார்ந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். அப்பா எப்படி இருக்கிறார் என்று கேட்க வாய் வரவில்லை. மணி வேலை செய்யவில்லையா என்று கேட்டேன்.

"அதைக் கழட்டிட்டேன்மா. அவருக்குச் சளி எடுக்கிற மெஷின் வந்திருக்கு. கட்டில் பக்கம் ஒரே ஒரு பிளக் பாயின்ட்தானே, அதுக்கு வேணும்."

ஒரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் போட்டால் இரண்டும் ஓடுமே என்றேன். என்னால் அப்படித்தான் யோசிக்க முடிகிறது.

"லோகு கொண்டாந்தாரு. நான்தான் வேணாம்னு திருப்பி அனுப்பிட்டேன். இனிமே எதுக்கும்மா" என்றாள். பிறகு, "நீ சாப்பிட்டியா?" என்றாள்.

வீட்டுக்கு வந்து விளக்கைப் பழைய இடத்தில் வைத்து பிளக்கைச் செருகினேன். இந்த நாட்டில் வீடு கட்டுகிறவர்கள் பிளக் பாயின்ட்டுக்குக் கஞ்சத்தனம் பார்ப்பதில்லை. என் ஒற்றை அறையில் மட்டும் பதினொன்று இருக்கின்றன, அன்றைக்குத்தான் எண்ணிப் பார்த்தேன். ஒன்றில் அப்பாவின் விளக்கு. மற்ற பத்தும் சும்மா இருக்கின்றன.